நெட்வொர்க் விழுந்தால் யூனிக்ஸுக்குள் எப்படி நுழைவது? மெயின்பிரேமின் ‘டயல்’ சொல்லும் பாடம்

ஒரு பெரிய மெயின்பிரேம் கம்ப்யூட்டர். அதற்குள் நூற்றுக்கணக்கான விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸோ, யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு இயங்குதளமோ ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி, காப்பீடு, அரசுத் துறை என்று உலகின் பல பெரிய அமைப்புகளில் இன்றைக்கும் இப்படியொரு ஏற்பாடு உண்டு.

இந்த யூனிக்ஸுக்குள் வேலை பார்ப்பவர்கள் எப்படி நுழைகிறார்கள்? “இதென்ன கேள்வி? எஸ்எஸ்எச் போட்டு உள்ளே போக வேண்டியதுதானே” என்பார்கள் சிஸ்டம் அட்மின்கள். சரிதான். ஆனா, எஸ்எஸ்எச் வேலை செய்ய நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் செட்டிங்கில் ஒரே ஒரு வரியைத் தப்பாக மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சர்வர் உயிரோடுதான் இருக்கும். ஆனால், யாராலும் உள்ளே போக முடியாது. அப்போது கையில் மிஞ்சுவது ஒரே ஒரு கன்சோல். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும்.

விர்ச்சுவல் மெஷினில் ஓடும் ஒரு யூனிக்ஸுடன் பல டெர்மினல்களை இணைப்பது எப்படி என்ற கேள்வி கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுப் பழசு. அதற்கான விடையும் அப்போதே கிடைத்துவிட்டது. “எஸ்எஸ்எச் இருக்கே” என்ற தைரியத்தில் அந்த விடையை ஓரங்கட்டி வைப்பது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு ஆளுக்கு ஒரு மெஷின்

விர்ச்சுவல் மெஷின் என்பதை கிளவுட் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் 1960-களிலேயே அது வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒரு ஆய்வு மையம் இருந்தது. அங்கேதான் முதலில் சிபி-40, பிறகு சிபி-67 என்ற மென்பொருள்கள் உருவாயின. அந்த வழியில் வந்ததுதான் 1972 ஆகஸ்டில் ஐபிஎம் அறிவித்த விஎம்/370. இன்று மெயின்பிரேம்களில் ஓடும் இசட்/விஎம் அதன் நேரடி வாரிசு.

விஎம்-மின் அடிப்படை யோசனை எளிமையானது. ஒரே நிஜ கம்ப்யூட்டரை, பார்ப்பதற்குத் தனித்தனி கம்ப்யூட்டர்கள் போலப் பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொரு பயனாளருக்கும் தனக்கென்று ஒரு மெஷின், ஒரு பங்கு நினைவகம், ஒரு பங்கு டிஸ்க், ஒரே ஒரு கன்சோல். அந்த மெஷினுக்குள் பொதுவாக ஓடியது சிஎம்எஸ் என்ற இயங்குதளம். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். ஆளுக்கு ஒரு மெஷின் கிடைப்பதால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கீழே இருந்து எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் வேலையை ‘கன்ட்ரோல் புரோகிராம்’ பார்த்துக்கொள்ளும். விஎம் வட்டாரத்தில் அதைச் சுருக்கமாக சிபி என்பார்கள்.

இதற்கு நேர் எதிரான யோசனையோடு வளர்ந்தது யூனிக்ஸ். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய அந்த இயங்குதளத்தில், ஒரே மெஷினில் பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒருவர் எழுதிய கோப்பை இன்னொருவர் திறக்கலாம். பங்கு போடும் வேலையை யூனிக்ஸே செய்துகொள்ளும்.

விஎம்-மை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஃபிளாட்டிலும் ஒருவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. யூனிக்ஸ் என்பது கூட்டுக் குடும்பம். அந்தக் கூட்டுக் குடும்பத்தை ஒரு ஃபிளாட்டுக்குள் குடிவைத்தால் என்ன நடக்கும்? இருபது பேருக்கு ஒரே கதவு. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

வாட்ச்மேனிடம் வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும்

இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. 1975-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாம் லயன் உள்ளிட்டோர் விஎம்/370 மீது யூனிக்ஸை ஓட்டும் வேலையைத் தொடங்கினார்கள். ஐபிஎம்-மிலிருந்து வெளியேறிய ஜீன் அம்டால் தொடங்கிய அம்டால் நிறுவனம் அதை வளர்த்தெடுத்து, 1980-களின் தொடக்கத்தில் யூடிஎஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் ஐபிஎம்-மும் ஐஎக்ஸ்/370 என்ற தன் யூனிக்ஸை அறிவித்தது. இவை ஆரம்பத்தில் விஎம்-மின் கீழ் ஒரு விர்ச்சுவல் மெஷினாகத்தான் ஓடின. ஆக, ‘ஒரு மெஷின், பல டெர்மினல்’ என்ற கேள்விக்கு அவர்களுக்கு உடனடியாக விடை தேவைப்பட்டது.

விடை விஎம்-முக்குள்ளேயே இருந்தது. அதன் பெயர் ‘டயல்’.

விஎம்-முடன் இணைந்த ஒரு டெர்மினலை இயக்கியதும் முதலில் வரவேற்புத் திரை வரும். அங்கே ‘லாகான்’ என்று அடித்துத் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், அவரவர் சொந்த விர்ச்சுவல் மெஷினுக்குள் போகலாம். அதற்குப் பதிலாக ‘டயல்’ என்று அடித்து, யூனிக்ஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷினின் பெயரைக் கொடுத்தால் கதையே வேறு. குடியிருப்பின் வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம், “எனக்கு இங்கே வீடு இல்லை, நான் இன்னாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறேன்” என்று சொல்வதைப் போன்றது அது.

சிபி உடனே அந்த விர்ச்சுவல் மெஷினைப் பார்க்கும். அதில் காலியான விர்ச்சுவல் டெர்மினல் இணைப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால், நிஜ டெர்மினலை அதோடு கோத்துவிட்டு சிபி ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு திரையில் தெரிவது யூனிக்ஸின் லாகின் கேள்விதான். யூனிக்ஸைப் பொறுத்தவரை, தன்னோடு நேரடியாக வயர் போட்டு இணைத்த இன்னொரு டெர்மினல் அது. காலி இணைப்பு இல்லையென்றால் வாசலிலேயே ‘முடியாது’ என்று பதில் வந்துவிடும்.

எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதை முடிவு செய்வது, அந்த மெஷினுக்கு முன்கூட்டியே எத்தனை விர்ச்சுவல் டெர்மினல்களை வரையறுத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான். விஎம்-மின் பயனாளர் பட்டியலில் அந்த மெஷினுக்கு உரிய இடத்தில் டெர்மினலுக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டிஃபைன்’ கட்டளை மூலமும் புதிதாகச் சேர்க்கலாம். உள்ளே யூனிக்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு லாகின் புரோகிராம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கதவு சரி, பாஷை?

கதவுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனா, உள்ளே வந்தவர் பேசும் பாஷை யூனிக்ஸுக்குப் புரியவில்லை. இங்கேதான் இரண்டாவது சிக்கல்.

யூனிக்ஸ் வளர்ந்தது டெலிடைப் மெஷின்களோடு. பழைய டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளைத்தான் அச்சடிக்கும். எல்எஸ், எம்வி, ஆர்எம் என்று யூனிக்ஸ் கட்டளைகள் சுருக்கமாக இருப்பதற்கு அந்த மெதுவான கீபோர்டுகள்தான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் ஒரு எழுத்தை அடித்தால், அது அந்த நொடியே யூனிக்ஸுக்குப் போகும். யூனிக்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அனுப்பினால்தான் உங்கள் திரையில் தெரியும். பாஸ்வேர்டு அடிக்கும்போது எதுவும் தெரியாமல் இருப்பதும், கன்ட்ரோல்-சி அடித்ததும் ஓடும் வேலை நிற்பதும் இதனால்தான்.

மெயின்பிரேம் பக்கம் இருந்தது 1971-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 3270 வகை டெர்மினல். சென்னை ஐ.டி. அலுவலகங்களில் வெளிநாட்டு வங்கிகளின் மெயின்பிரேம் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கருப்புத் திரையும் பச்சை எழுத்தும் புதிதல்ல. இன்றும் அவர்கள் லேப்டாப்பில் ஓடும் எமுலேட்டர் அதைத்தான் நடிக்கிறது.

24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 1,920 இடங்கள் கொண்ட அந்தத் திரை, தபால் அலுவலகப் படிவத்தைப் போன்றது. அதில் நீங்கள் என்ன எழுதினாலும், அழித்தாலும், கர்சரை எங்கே நகர்த்தினாலும் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ‘என்டர்’ தட்டினால், மாற்றப்பட்ட இடங்கள் மட்டும் மொத்தமாக ஒரே தடவையில் போகும்.

இதில் எது சிறந்தது? இரண்டுமே அவரவர் தேவைக்குச் சரியானவை. ஒருவர் 60 எழுத்துகள் கொண்ட ஒரு வரியை அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெலிடைப் முறையில் கம்ப்யூட்டரை 60 தடவை கூப்பிட்டு, 60 தடவை பதில் வாங்க வேண்டும். 3270 முறையில் ஒரே ஒரு தடவை. ஆயிரம் குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் காப்பீட்டு நிறுவனத்தில் இந்த வித்தியாசம் பெரிய பணம். விர்ச்சுவல் மெஷின் என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு அழைப்பும் முதலில் சிபி-யிடம் போய், அது உள்ளே ஓடும் யூனிக்ஸிடம் கொடுத்து, பதிலும் அதே வழியில் வர வேண்டும். வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொரு எழுத்துக்கும் எழுந்து நின்றால் எப்படி இருக்கும்?

ஆனால், யூனிக்ஸில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவருக்கு அந்தப் படிவ முறை சரிப்படவில்லை. 1976-ல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரில் ‘ஜே’ என்ற எழுத்தைத் தட்டினால் கர்சர் ஒரு வரி கீழே இறங்க வேண்டும். 3270-யில் தட்டினால், திரையில் ‘ஜே’ என்று ஒரு எழுத்து விழும், அவ்வளவுதான். யூனிக்ஸுக்குச் செய்தியே போயிருக்காது. போதாக்குறைக்கு, மெயின்பிரேம் பயன்படுத்தியது எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீடு. யூனிக்ஸ் பயன்படுத்தியது ஆஸ்கி. சி மொழியில் அடிக்கடி வரும் சதுர அடைப்புக்குறிகள் இந்த மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டு திண்டாடின.

சமாதானம் பேசிய குட்டி கம்ப்யூட்டர்

இந்தச் சண்டையைத் தீர்க்க அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இரண்டு வழிகளில் போனார்கள்.

முதல் வழி, யூனிக்ஸைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வது. திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு வரி, அதில் கட்டளையை முழுசாக அடித்து என்டர் தட்ட வேண்டும். பதில்கள் மேலே வரிசையாக வரும். எளிய கட்டளைகளுக்கு இது போதும். முழுத்திரை எடிட்டர்களுக்குப் போதாது.

இரண்டாவது வழி, நடுவில் ஒரு தரகரை உட்கார வைப்பது. பெல் ஆய்வகம் ஐபிஎம் 370 வகை மெயின்பிரேமுக்குக் கொண்டுவந்த யூனிக்ஸில் இதைத்தான் செய்தார்கள். சாதாரண ஆஸ்கி டெர்மினல்கள் எல்லாம் முதலில் ஐபிஎம்-மின் சீரிஸ்/1 என்ற சிறிய கம்ப்யூட்டரோடு இணையும். எழுத்துக்கு எழுத்து நடக்கும் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதியை அந்தக் குட்டி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மெயின்பிரேமுக்கு மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்கும்.

பிறகு டிசிபி/ஐபி வந்தது, டெல்நெட் வந்தது. 1995-ல் பின்லாந்தில் டாட்டு யுலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச் வந்தது. டெர்மினல் என்பது ஒரு பொருளாக இருந்த காலம் போய், அது நெட்வொர்க்கில் ஓடும் ஒரு இணைப்பாக மாறியது. எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். 1999 இறுதியில் ஐபிஎம் தன் மெயின்பிரேமுக்கான லினக்ஸ் மாற்றங்களை வெளியிட்டபோது, டெர்மினல் பிரச்சினை முடிந்துவிட்டதாகவே தோன்றியது. அடுத்த ஆண்டே டேவிட் பாயஸ் என்ற பொறியாளர், விஎம்-மின் கீழ் ஒரே மெயின்பிரேமில் 41,400 லினக்ஸ் மெஷின்களை ஓட்டிக் காட்டினார். அத்தனைக்கும் ஆளுக்கொரு கன்சோல் திறந்து பார்க்கவா முடியும்? நெட்வொர்க்தான் ஒரே வழி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஒரே வழி அடைபட்டால்?

நெட்வொர்க் நன்றாக இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. அது இல்லாத நாளில், அட்மினுக்கு மிஞ்சுவது அந்த விர்ச்சுவல் மெஷினின் கன்சோல். அதில் என்னென்ன காத்திருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும்.

இசட்/விஎம்-மில் லினக்ஸ் கன்சோல் பல இடங்களில் 3215 என்ற பழைய தட்டச்சு டெர்மினலைப் போல நடந்துகொள்ளும்படிதான் அமைந்திருக்கும். அதில் விஐ போன்ற முழுத்திரை எடிட்டர் ஓடாது. ஒரு செட்டிங் கோப்பைத் திருத்த வேண்டுமென்றால், கென் தாம்ஸன் காலத்து ‘எட்’ எடிட்டரையோ, ‘செட்’ கட்டளையையோதான் நாட வேண்டும். கன்ட்ரோல்-சி அடிக்கவும் நேரடி வழி இல்லை. ^ என்ற குறியை அடித்து, பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்தை அடித்து, என்டர் தட்ட வேண்டும். இதை முன்பே பழகாதவருக்கு நள்ளிரவு இரண்டு மணிக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

இன்னொரு கண்ணியும் உண்டு. திரை நிரம்பியதும் வலது கீழ் மூலையில் ‘மோர்’ என்று வரும். வழக்கமான அமைப்பில் ஒரு நிமிடம் கழித்துத் தானாக அடுத்த பக்கத்துக்குப் போகும். பொறுமையில்லாமல் என்டர் தட்டினால், ‘ஹோல்டிங்’ என்று மாறி அப்படியே நின்றுவிடும். கன்சோலுக்கு எழுத வேண்டிய செய்திகளும் அதன் பின்னால் தேங்கும். ‘கிளியர்’ தட்டும்வரை திரையில் புதிதாக எதுவும் வராது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பிஏ1 என்ற கீ. அதைத் தட்டினால் பேச்சு லினக்ஸிடமிருந்து சிபி-க்கு மாறும். ‘செட் ரன் ஆன்’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அந்த நொடியில் விர்ச்சுவல் மெஷினே நின்றுவிடும். ‘பிகின்’ என்று அடித்தால்தான் மறுபடி ஓடும். கையில் இருக்கும் ஒரே கதவு, தப்பான இடத்தில் தொட்டால் வீட்டின் மின்சாரத்தையே நிறுத்திவிடும் என்றால், அதை அவசர வழி என்று எப்படிச் சொல்வது?

அதுவும் ஒரே கதவு. ஒருவர் லாக் பார்க்க, இன்னொருவர் செட்டிங்கைத் திருத்த, மூன்றாமவர் டேட்டாபேஸை ஒழுங்காக நிறுத்த என்று பிரிந்து வேலை பார்க்க வழியில்லை. மூன்று பேர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது

இதற்கான தீர்வுகளை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதல் தீர்வு, அதே பழைய டயல். இன்றைய லினக்ஸிலும் 3270 டெர்மினலுக்கான டிரைவர் உண்டு. முக்கியமான ஒவ்வொரு லினக்ஸ் மெஷினுக்கும் இரண்டு அல்லது மூன்று விர்ச்சுவல் 3270 இணைப்புகளை வரையறுத்து, லாகின் புரோகிராமையும் வைத்துவிட்டால், அந்த லினக்ஸின் நெட்வொர்க் விழுந்தாலும் விஎம் வாசலிலிருந்து பலர் உள்ளே போகலாம். விஎம்-மின் வாசலுக்கு வர விஎம்-மின் சொந்த நெட்வொர்க் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், அது லினக்ஸின் நெட்வொர்க் செட்டிங்கோடு தொடர்பில்லாதது. அதுவும் போய்விட்டால், மெயின்பிரேமின் வன்பொருளைக் கட்டுப்படுத்தும் மேலாண்மை கன்சோலிலேயே ஒரு 3270 திரை உண்டு. அங்கிருந்து விஎம்-மை மீட்கலாம்.

இரண்டாவது தீர்வு, டெர்மினல் சர்வர். இசட்/விஎம்-முக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் இன்னொன்றோடு நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ள ஐயுசிவி என்ற வசதி இருக்கிறது. இதில் நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரி எதுவும் தேவையில்லை. நினைவகம் வழியாகவே பேச்சு நடக்கும். லினக்ஸ் தொடங்கும்போது ஒரு சிறிய அளவுருவைச் சேர்த்தால், இந்த வழியில் எட்டு டெர்மினல்கள் வரை திறந்து வைக்கலாம். தனியாக ஒரு லினக்ஸை டெர்மினல் சர்வராக நிறுத்தி, அட்மின்கள் முதலில் அதற்குள் வந்து, அங்கிருந்து பழுதான மெஷினுக்குப் போகலாம். இந்த டெர்மினல்கள் எழுத்துக்கு எழுத்து பேசும் யூனிக்ஸ் பாஷையைப் பேசுவதால், விஐ எடிட்டர் வழக்கம்போல ஓடும். கன்ட்ரோல்-சி வேலை செய்யும். யார் எந்த மெஷினுக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தவும், என்ன செய்தார்கள் என்று பதிவு செய்து வைக்கவும் அதிலேயே வழி இருக்கிறது.

வீட்டுக்குப் பின்வாசல் தயார். அதைத் திறந்து பார்த்து எண்ணெய் போட்டு வைப்பது மட்டும்தான் பாக்கி.

“கதவு கூடினால் திருடனுக்கும் வசதிதானே?”

நியாயமான கேள்வி. அதுவும் டயல் விஷயத்தில் இன்னும் நியாயம். இயல்பான அமைப்பில் டயல் செய்ய விஎம் பாஸ்வேர்டு தேவையில்லை. உள்ளே இருக்கும் யூனிக்ஸின் லாகின் மட்டுமே பூட்டு.

ஆனால், இதற்கு விடை கதவையே இடித்து மூடுவது அல்ல. விஎம்-முக்கான பாதுகாப்பு மென்பொருள்கள் மூலம் யார், எங்கே டயல் செய்யலாம் என்று வரையறுக்கலாம். டெர்மினல் சர்வரில் பதிவேடு இருக்கிறது. யாருக்கும் தெரியாத, யாரும் சோதிக்காத கன்சோல் கதவு எப்படியும் அங்கேதான் இருக்கப்போகிறது. அதற்குப் பதிலாக, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு நுழையும் ஒரு கதவு இருப்பது நல்லதுதானே?

“எங்கள் நெட்வொர்க் அவ்வளவு லேசில் விழாது” என்பது அடுத்த வாதம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கலாம். அங்கே ஓடியது மெயின்பிரேம் இல்லை. ஆனால், சிக்கல் இதே வகை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. அதைச் சரிசெய்யப் போக வேண்டிய வழிகளும் சேர்ந்து அடைபட்டன. அவசரத்துக்கு என்று தனியாக வைத்திருந்த நெட்வொர்க்கும் வேலை செய்யவில்லை என்று நிறுவனமே பிறகு விளக்கியது. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியிருந்தது. உலகின் மிகப் பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றை நடத்துபவர்களுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் எந்த தைரியத்தில் இருக்கிறார்கள்?

கிளவுட் நிறுவனங்கள் இதை உணர்ந்திருப்பதற்கும் சான்று உண்டு. அமேசான் தன் கிளவுட் சர்வர்களுக்கு 2021 மார்ச்சில் ‘சீரியல் கன்சோல்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. நெட்வொர்க் செட்டிங் கெட்டுப்போன சர்வருக்குள், பழைய காலத்து சீரியல் போர்ட்டில் டெர்மினலை இணைப்பது போலவே நுழையும் வழி அது. வேடிக்கை என்னவென்றால், அதிலும் ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு இணைப்புதான் அனுமதி. விஎம்/370 காலத்து ‘ஒரு மெஷின், ஒரு கன்சோல்’ சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

மெயின்பிரேமில் லினக்ஸ் ஓட்டும் நிறுவனங்கள் மூன்று வேலைகளைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.

ஒன்று, முக்கியமான ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் சொந்த நெட்வொர்க்கைச் சாராத குறைந்தது இரண்டு டெர்மினல் வழிகள் இருக்கின்றனவா என்று பட்டியல் எடுப்பது. டயலோ, டெர்மினல் சர்வரோ, இரண்டுமோ இருக்கலாம். கூடவே ‘செட் ரன் ஆன்’ எல்லா இடத்திலும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இரண்டு, பழகுவது. தீயணைப்பு ஒத்திகை நடத்துவதைப் போல, ஒரு சோதனை மெஷினின் நெட்வொர்க்கை வேண்டுமென்றே துண்டித்து, “இப்போ உள்ளே போய்ச் சரி பண்ணுங்க” என்று இளம் அட்மின்களிடம் சொல்ல வேண்டும். ^ குறியும், ‘எட்’ எடிட்டரும், ‘ஹோல்டிங்’ திரையும் அந்த ஒத்திகையில்தான் அறிமுகமாக வேண்டும். நிஜமான நெருக்கடியில் அல்ல.

மூன்று, எழுதி வைப்பது. இந்த நுணுக்கங்கள் பல இடங்களில் ஓய்வை நெருங்கும் மூத்தவர்களின் விரல் நுனியில்தான் இருக்கின்றன. அவர்கள் விடைபெறும் நாளில் கேக் வெட்டி, சால்வை போர்த்தி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய மாதமே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, சில வரி செட்டிங்கும் சில மணி நேரப் பயிற்சியும்தான். சம்பளம் வரவு வைக்கும் நாளில் ஒரு வங்கியின் சர்வர் உயிரோடு இருந்தும் யாராலும் உள்ளே போக முடியாமல் நின்றால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. அந்தச் செலவில் பாதி, கவுன்ட்டரில் காத்து நிற்கும் வாடிக்கையாளரின் தலையில்தான் விழும்.